காளான் விளக்கின் அடியில்

விளக்கின் அடியில் ஒட்டியிருக்கும் தோலைக் கிழித்துவிடாதே என்று தயாபரன் சார் இதோடு நான்கு முறை சொல்லிவிட்டார். "மாசி, பாத்து. அது ஒரிஜினல்." கிழிக்க மாட்டேன் சார் என்று நானும் நான்கு முறை சொல்லிவிட்டேன். சேத்துப்பட்டில் இரண்டாவது மாடி, மேற்கே பார்த்த கூடம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேசைமேல் என் துண்டை விரித்து விளக்கைத் தலைகீழாகப் படுக்கவைத்திருக்கிறேன். கண்ணாடித் தொப்பியைக் கழற்றி சோபாவில் தலையணைமேல் வைத்தாயிற்று. அது அங்கே மொட்டைத் தலை மாதிரி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. தயாபரன் சார் பிரம்பு நாற்காலியில். முகம் என் பக்கம் இல்லை, என் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் வரும் பக்கம். சர்க்கரை அவர் கண்ணை இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நிழல் தெரியும், வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. செருப்பில்லாத கால். பாதத்தில் ஆறாத புண், பஞ்சும் துணியும். தரை ஈரமாக இருக்கிறது, வேலைக்கார அம்மாள் இப்போதுதான் துடைத்துவிட்டுப் போனாள். வெறுங்கால், ஈரத் தரை, இரும்பு உடம்பு விளக்கு. இந்த மூன்றையும் கதவுக்குள் நுழைந்தவுடனேயே பார்த்துவிட்டேன். நாற்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் வயர்மேனாக இருந்தவன் கண் அங்கேதான் போகும். வாசலுக்கு மேலே இருந்த மெயின் பெட்டியையும் பார்த்தேன். அந்தக் காலத்துப் பீங்கான் ஃப்யூஸ். ஒருத்தன் துடித்தால் தானாக அணைகிற சாதனம் எதுவும் இந்த வீட்டில் கிடையாது.

இதைப் போன வாரம் போன் வந்த அன்றே யோசித்துவிட்டேன். "மாசி, என் இத்தாலி விளக்கெல்லாம் எக்ஸிபிஷன் வைக்கிறேன்டா, காளான்ல வயரு உதிருது, மெட்ராஸ்ல ஒருத்தனையும் நம்ப முடியல, நீ வந்து மாத்திக் குடு." உன் காளான் என்று அவர் சொல்லவில்லை. காளான் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெயர் வைத்தது யார் என்றுகூட நினைவில்லாமல் சொன்னார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பங்கரையில் நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் அந்த ஆளை எப்படித் தொடுவது என்று தெரியாமல் இருந்தேன். அவரே கூப்பிட்டு, அந்த விளக்கையே என் கையில் கொடுத்து, உள்ளே கைவைக்கச் சொல்கிறார். உள்ளே ஓடும் வயரில் ஒரே ஒரு இடம், கழுத்துக்குள் நுழையும் ஓட்டையில், ரப்பர் தேய்ந்த மாதிரி. யார் பார்க்கப் போகிறார்கள். பழைய விளக்கு, பழைய வயர், வயசான மனிதர். இந்த விளக்கை வேறு யாரும் தொடக்கூடாதாம். வேலைக்கார அம்மாள் தூசிகூடத் தட்டக்கூடாது. "நான் ஒருத்தன்தான் தொடுவேன் மாசி. சாயந்திரம் ஆறு மணிக்கு நானே போடுவேன், ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு உக்காந்திருப்பேன். வெளிச்சம் கன்னத்துல படும். அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்." இதைக் காலையில் அவர் சொன்னபோது எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு கையாலும் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

மெழுகுவத்தியில் ஒரு மெல்லிய கத்தியைச் சுடவைத்து விளிம்பில் விட்டால் பழைய சொல்யூஷன் பசை இளகும். இதற்குத்தான் இவ்வளவு நேரம். அடித்தட்டின் நட்டுகள் தோலுக்குக் கீழே இருக்கின்றன, தோலை உரிக்காமல் உள்ளே போக முடியாது. "கேட்டலாக்ல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?" என்கிறார். கண் போனாலும் மனப்பாடம். "அடியில் ஒட்டப்பட்டுள்ள தோல், மிலான் பட்டறையின் கைவேலை. உலகில் வேறெந்தப் பிரதியிலும் காணப்படாதது. எப்பிடி? ஃபெல்ட் துணி ஒட்டினதுதான் எல்லார்கிட்டயும் இருக்கு. தோல் என்கிட்ட மட்டும்தான்." கத்தி முனை கால் அங்குலம் உள்ளே போகிறது. மிலான் பட்டறை. மிலான் பட்டறை ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது சந்தில் இருந்தது சார். ஓடு வேய்ந்த வீடு. பட்டறையின் கைவேலைக்காரி அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, தோல்மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். என் பெண்சாதி அம்சவேணி. அம்சா. தட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அதனால் வட்டமும் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இதோ நசுங்கல். என் கட்டைவிரல் அதன்மேல் நிற்கிறது. கத்தி நின்றுவிட்டது. என்ன மாசி என்கிறார். ஒண்ணுமில்ல சார், பசை கெட்டியா இருக்கு.

எழுபத்தெட்டில் ஆல்தோ வந்தான். தோலை இரண்டாகப் பிளக்கும் மெஷினைப் பூட்டித் தர இத்தாலிக்காரன், எட்டு மாதம் டேனரி கெஸ்ட் ஹவுஸில் இருந்தான். டியூப் லைட்டுக்குக் கீழே படித்தால் பிணவறையில் படிப்பது மாதிரி இருக்கிறது என்று சைகையில் சொல்வான். மெஷின் பெட்டியிலேயே வைக்கோலுக்கு நடுவில் ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்திருந்தான். வெள்ளை இரும்புத் தண்டு, பால் நிறக் கண்ணாடித் தொப்பி. ஊருக்குப் போகும்போது என் தோளைத் தட்டி என் கையில் வைத்துவிட்டுப் போனான். அப்போது எங்கள் டேனரியில் பர்ச்சேஸ் ஆபீசராக இருந்த தயாபரன் சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வயர்மேனுக்கா குடுக்கறான்?" என்றார், இங்கிலீஷில். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்சா சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, மழை பேஞ்ச அடுத்த நாளு குப்பைமேட்டுல மொளைக்குமே, அந்தக் காளான் மாரி கீது." போட்டேன். சுவரெல்லாம் மஞ்சள். அவள் முகம் மஞ்சள். "தே, மஞ்சா பூசின மாரி கீது," என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மெஷின் பூட்ட வந்தவன், தோலுக்கு மருந்து விற்க வந்தவன், ஒவ்வொருத்தனும் விட்டுப்போனதை வாங்கினேன். உடைந்ததைக் கெஞ்சி வாங்கினேன். பழைய புத்தகக் கடையில் அவர்கள் பத்திரிகை வாங்கி, அகராதி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எந்த வருஷம், எந்த ஊர்ப் பட்டறை, கண்ணாடி ஊதினதா வார்த்ததா. வளைந்த கழுத்து உள்ளதற்கு அம்சா கொக்கு என்று பெயர் வைத்தாள், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்குக்குப் பூசணி. மொத்தம் பதினொன்று. "ஊர்ல பொண்டாட்டிக்கு நகை வாங்குவான், இந்த ஆளு வெளக்கு வாங்குவான்," என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். சொல்லும்போது குரலில் குறை இருக்காது.

அடியிலிருந்த ஃபெல்ட்டைப் பூச்சி அரித்துப் பொடியாகிவிட்டது. ஆல்தோ பூட்டிய அதே மெஷினில் பிளந்த தோலில், மேல்தோல் போக மிச்சமாகும் அடுக்கில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். அந்த அடுக்கில் மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சொரசொரப்பு. அவள் வெட்டினாள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள், கத்தரி அவள் பேச்சைக் கேட்கும். சொல்யூஷன் தடவும் முன்னால் பேனாவை எடுத்து உள்பக்கம் என்னமோ அழுத்தி எழுதினாள். என்னா எழுதற என்றேன். "நம்பரு." என்னத்துக்கு? நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அட, கை பயக்கம்யா." கம்பெனியில் ஒவ்வொருத்தியும் தான் தைத்த பீஸின் உள்பக்கம் லைன் எழுத்தோ பெயரோ போட்டு டோக்கன் நம்பரை எழுத வேண்டும். தையல் விட்டிருந்தால், வெட்டு கோணியிருந்தால், செக்கிங்கில் நம்பரைப் பார்த்து அவள் மேசைக்கே திருப்பி எறிவார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், நாற்பத்தேழு, உன் பீஸ் திரும்பி வந்திருக்கு பார் என்று அத்தனை பேர் முன்னால் கத்துவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அம்சாவை அப்படி யாரும் கத்தியதில்லை. "என் நம்பரு போட்ட பீஸு திரும்பி வந்ததில்ல," என்பாள். எங்கள் வீட்டில் பெருமை என்று பேசப்பட்டது அது ஒன்றுதான்.

தோல் பாதி எழும்பிவிட்டது. இன்னும் உள்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்றுகூட இருக்கிறேன். ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும். ஆனாலும் தோலைத் திருப்பாமலே வைத்திருக்கிறேன், தெரிவதும் காண்பதும் ஒன்றில்லை போல. "ஒனக்கு ஞாபகம் இருக்கா, ஒரு தடவ நீயும் ஒண்ணு இதே மாதிரி வெச்சிருந்த," என்கிறார் நாற்காலியிலிருந்து. ஆமா சார். "அது இப்ப இருக்கா?" இருக்கு சார். "அது பின்னாடி போட்ட மாடல் மாசி. அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன், ஒன் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்." எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டிருக்கும். ஒன்பது வருஷம் முன்னால் என் காளானைக் கேட்டு வந்த அன்றைக்கும் இதே குரல்தான். ஒரு புஸ்தகம் போடறேன் மாசி, போட்டோ எடுத்துட்டு ரெண்டு வாரத்துல அனுப்பிடறேன். அம்சாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள் அது. நான் வேட்டி மாற்ற வீட்டுக்கு வந்திருந்தேன், அவர் கார் வாசலில் நின்றது. இல்லை என்று சொல்ல எனக்கு நேரமில்லை, வாயுமில்லை. எடுத்துக்குங்க சார் என்று பழைய போர்வையில் நானே சுற்றிக் கொடுத்தேன். நானே. முடிச்சுக்கூட நான்தான் போட்டேன்.

விளக்கு திரும்பி வந்தது. அவளும் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள், இனி வைத்திருந்து பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டேன். காளானைப் போடுய்யா என்றாள். போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது நம்ம காளான் இல்ல." அதேதாம்மா என்றேன். "இல்ல. நம்ம காளான் மஞ்சாவா இருக்கும். இது வெள்ளையா கீது. சோகை புடிச்ச மாரி." பல்பு மாற்றினேன். "பல்பு இல்லய்யா, இதே வேற." இரவெல்லாம் மூன்று முறை, நான்கு முறை. மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் தூங்காதவன் நான், மூத்திரத் துணி மாற்றி மாற்றிக் கை வெளுத்திருந்தது. "சும்மா இரு அம்சா. பைத்தியமாட்டம் பேசாத." சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். சரி என்றாள். அந்தச் சரிக்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள், விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை. விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் வீட்டைப் பெருக்கும்போது விளக்கைத் தூக்கினேன். அடியில் பச்சை ஃபெல்ட். புத்தம்புதியது. வட்டம் துல்லியமாக இருந்தது.

அவர் செய்த தவறு அது ஒன்றுதான். அச்சு அசலாக ஒரு பிரதி செய்யத் தெரிந்தது, தண்டின் பெயின்ட் உதிர்ந்த இடத்தைக்கூட உதிர்க்கத் தெரிந்தது. தோலை மட்டும் மிலான் தோல் என்று நினைத்து வைத்துக்கொண்டார். பர்ச்சேஸ் ஆபீசர், தோலிலேயே பிழைத்த மனிதர், ஆம்பூர்த் தோலை இத்தாலித் தோல் என்று நம்பினார். ஆம்பூர்க்காரிக்கு இப்படி வெட்ட வராது என்று நினைத்திருப்பார். அந்தப் பச்சை ஃபெல்ட்டைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தவன், ஏதோ ஒரு விதத்தில் இன்னும் எழுந்திருக்கவில்லை. விளக்கு போனதற்கில்லை. இன்னும் பத்து விளக்கு இருக்கிறது. அவள் சொன்னது சரி. அவள் சரியாகச் சொன்னாள், நான் பைத்தியம் என்றேன், அவள் சரி என்றாள். இதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையில் என்ன கேட்பது. இவர் சாக வேண்டும் என்று நினைத்தேன். சும்மா சாகக்கூடாது, இந்த விளக்கைத் தொட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது என்று ஒரு நொடியாவது தெரிந்து, என்று ஒவ்வொரு நாளும் பல் தேய்க்கும்போது நினைத்தேன்.

உரிந்துவிட்டது. கையில் வட்டமாக, அப்பளம் மாதிரி. திருப்பவில்லை. துண்டின்மேல் ஓரமாக வைத்துவிட்டு நட்டுகளைக் கழற்றுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. பழைய வயர் தொட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. இரண்டே வயர், அந்தக் காலத்து இத்தாலிக்காரன் எர்த் கொடுக்கவில்லை. என் பையில் மூன்று வயர் உள்ள புது கேபிளும் இருக்கிறது, இரண்டு வயர் உள்ளதும் இருக்கிறது. ஏன் இரண்டையும் கொண்டுவந்தேன்? இரண்டு வயர் உள்ளதை எடுக்கிறேன். கழுத்து ஓட்டையில் நுழைக்கிறேன். இங்கேதான். கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தேய்ப்பு. உள்ளே செம்பு மினுக்கென்று தெரிகிறது. அதன்மேல் தட்டை வைத்து மூடி, தோலை ஒட்டிவிட்டால் ஆயிற்று. "என்ன சத்தத்தக் காணோம்?" என்கிறார். வயர் இழுக்கறேன் சார். "நீ ஒருத்தன்தான் மாசி பேசாம வேல செய்யறவன். மத்தவன்லாம் வாயத் தொறந்தா மூட மாட்டான்." ஆமாம் சார். திறந்திருக்க வேண்டும்.

சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். பழைய பசை போகாமல் புதுப் பசை பிடிக்காது. தோலைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்க்கிறேன். பசை உருண்டை உருண்டையாக வருகிறது, அழுக்கு மாதிரி. கீழே நீலம். இன்னும் தேய்க்கிறேன். அ. வே. அதற்குப் பக்கத்தில், பேனா தோலைக் கிழிக்கும் அளவு அழுத்தி, 47. நான்குக்குக் கால் நீளமாக இழுப்பாள். இழுத்திருக்கிறாள். மூச்சு விடுவது சத்தமாகக் கேட்டுவிடப் போகிறது. கருவாட்டுக் குழம்பு வாசனை எங்கிருந்து வருகிறது. இருபது வருஷத்துக்கு மேல் பசைக்குள் ஒருத்தரும் படிக்காமல் கிடந்த நம்பர். எதற்கு நம்பர் போடுவார்கள்? யார் நன்றாகத் தைத்தாள் என்று பாராட்டவா? கிடையாது. கோளாறு யாருடையது என்று கண்டுபிடிக்க. இந்த பீஸில் ஒரு கோளாறு இருந்தால் அது இந்த நம்பர்க்காரி மேசைக்குப் போகும். நான் உள்ளே ஒரு செம்பைத் திறந்து வைத்துவிட்டு, அதன்மேல் இதை ஒட்டி மூடப்போகிறேன். அவள் கையெழுத்துப் போட்ட கதவை வைத்து. நாற்பத்தேழு, உன் பீஸ் திரும்பி வந்திருக்கு பார். அம்சா தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இல்லை. என்னால் முடியாது. இவருக்காக இல்லை, இவர் துடித்தால் இப்போதும் எனக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஒரு முறை அவள்மேல் தப்பு என்று சொன்னவன் நான். இரண்டாவது முறை முடியாது.

வயரை வெளியே இழுத்தேன். தேய்த்த இடத்தைக் கத்தரித்துப் பையில் போட்டேன். மூன்று வயர் கேபிளை எடுத்தேன். ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம், உள்ளே முடிச்சு, பச்சை வயரை இரும்பு உடம்போடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். இறுக்கியபின் இன்னும் அரைச் சுற்று. மூன்று பின் பிளக். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். வாழ்நாளில் எந்த விளக்குக்கும் இவ்வளவு நன்றாக வயர் பூட்டியதில்லை, ஒவ்வொரு திருகுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன். அப்புறம் தோலைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் பசை தடவுவது? இரண்டு பக்கமும் ஒரே சொரசொரப்பு. விரலுக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக் காலை பதினோரு மணிக்கு வருகிறார்கள். பம்பாயிலிருந்து இரண்டு பேர், பத்திரிகைக்காரர்கள், ஆம்பூர் வாணியம்பாடி ஷூ கம்பெனி முதலாளிகள் ஏழெட்டுப் பேர், அவர்களிடம்தான் இப்போது விளக்கு வாங்கப் பணம் இருக்கிறது என்று காலையில் இவரே சொன்னார். விளக்கு சேர்க்கிறவன் முதலில் செய்வது விளக்கைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பது. ஷூ கம்பெனிக்காரனுக்கு டோக்கன் நம்பரை யாரும் சொல்லித்தர வேண்டாம். எழுதாத பக்கத்தில் பசை தடவினேன். ஊதிக் காயவைத்தேன். எழுதிய பக்கம் வெளியே தெரிய ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினேன்.

"முடிஞ்சுது சார்."

எழுந்து தட்டுத்தடுமாறி வந்தார். கண்ணாடித் தொப்பியை நான் மாட்டுவதற்கு முன் அடியைத் தடவிப் பார்க்க வேண்டுமாம். விரல் வட்டமாகப் போயிற்று, நசுங்கலில் நின்று, மேலே போயிற்று. முகம் மலர்ந்தது. "கிழியல. பாத்தியா, மிலான் தோல்னா தோல்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாசி, தோல உரிச்சப்ப எங்கயாவது மார்க்கு கீர்க்கு இருந்துதா? நம்பர் இருந்தா சொல்லு, மதிப்பே வேற."

"இருக்கு சார். தோல்லயே இருக்கு. நாற்பத்தேழு."

அவர் கை விளக்கின்மேல் அப்படியே நின்றது. "நாப்பத்தேழா! நாப்பத்தேழாவது பீஸு! அட, இத்தன நாள் என் கண்ணுக்கே தெரியலயே. கேட்டலாக்ல இல்லாட்டி என்ன, நாளைக்கு நானே திருப்பி எல்லார்கிட்டயும் காட்டறேன். வெறும் நம்பர்தானா?"

"பக்கத்துல ரெண்டு எழுத்து இருக்கு சார்."

"இனிஷியல்! செஞ்சவனோட இனிஷியலா இருக்கும்."

"செஞ்சவங்களோடதுதான் சார்."

"மொதல் ஆளா அந்த ஷூ கம்பெனிக்காரன் கையில குடுத்து சத்தமாப் படிக்கச் சொல்லணும்," என்றார். சொல்லுங்க சார் என்றேன். தொப்பியை மாட்டி, பிளக்கைச் சொருகினேன். அவர் சுவிட்சில் விரலை வைத்துவிட்டு நின்றார். பயம். பழைய வயரில் எத்தனை முறை சுரீரென்று வாங்கியிருப்பாரோ. "கையில அடிக்காதே மாசி?"

"அந்த நம்பர் போட்ட பீஸு திரும்பி வந்ததில்ல சார்."

சிரித்துக்கொண்டே போட்டார். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. பட்டப்பகலிலும் கூடம் நிறம் மாறிற்று, சுவர் மாறிற்று, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் கைகள் மாறின. நான் பையை மூடாமல் நின்று பார்த்தேன். மஞ்சள்தான் அம்சா. நீ சொன்ன அதே மஞ்சள்.